புதுப்பிப்பு: தெற்கு மனைக் கட்டடமும் எங்கள் முற்றத்து வெயிலும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குத் தெற்கே மூன்று மாடி எழும்புகிறது, முற்றத்து வெயில் குறையுமா என்று ஆனி மாதத்தில் கேட்டிருந்தேன். அப்போது நிழல் எங்கள் பக்கம் எட்டியே பார்க்காததால், கவலை வீண் என்று நானே பிறகு எழுதினேன். அது அவசர முடிவு.

நம் ஊர் ஏறத்தாழ 11.75 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஆனியில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. மார்கழியிலோ தெற்கே சாய்ந்து, சுமார் 55 பாகை உயரத்தோடு நின்றுவிடுகிறது. எனவே 10 மீட்டர் உயரச் சுவரின் நிழல் நண்பகலிலேயே வடக்கே 7 மீட்டர் நீள்கிறது. எங்கள் முற்றமோ அந்தச் சுவரிலிருந்து மூன்றாவது மீட்டரில் தொடங்கி ஏழாவதில் முடிகிறது. சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தேன். துளசி மாடத்தின் அடியில் இப்போதே பாசி படர்ந்திருக்கிறது, அம்மா வற்றல் முறத்தை மாடிக்குத் தூக்கிச் செல்கிறார்.

வழக்கறிஞரையும் கேட்டேன். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 15ஆம் பிரிவின்படி, 20 ஆண்டுகள் தடையின்றி ஒரு கட்டடத்துக்கு வந்த வெளிச்சத்துக்கு உரிமை தருகிறது. ஆனால் கணிசமான பாதிப்பைக் காட்டினால்தான் வழக்கு நிற்குமாம். கூடத்துச் சன்னல் பழையதுதான், எனினும் அங்கே பகலில் இன்னும் விளக்கின்றிப் படிக்க முடிவதால் வழக்கை விட்டுவிட்டேன். தெற்கு மனைக்காரர், எங்கள் பக்கம் வெளிச்சம் பட்டுத் திரும்பட்டும் என்று தம் வடக்குச் சுவருக்கு வெள்ளை அடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். மழை விட்டதும் வேலை தொடங்கும்.