மறு: சீக்வென்சிங்குக்கு ‘வரிசைப்படுத்தல்’ சரியா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். டி.என்.ஏ. இழையில் எழுத்துகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று படிப்பதுதான் சீக்வென்சிங். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> ‘மரபணு வரிசைப்படுத்தல்’ செய்தித்தாளிலேயே நிலைத்துவிட்டது. இனி அதைப் போய்த் தோண்ட வேண்டுமா?

நிலைத்துவிட்டது உண்மைதான் ஐயா. 2021இல் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரக) வளாகத்தில் அரசின் சீக்வென்சிங் ஆய்வகம் திறந்தபோது இந்தச் சொல்லும் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. ‘மரபணு பகுப்பாய்வு’ என்றும் எழுதினார்கள், ‘வரிசைப்படுத்துதல்’ என்றும் எழுதினார்கள். வந்திருப்பது டெல்டா வகைக் கொரோனாவா வேறு ஏதாவதா என்று தெரிந்தால் போதும் என்று இருந்த நேரம். சொல்லை யார் பார்த்தார்கள்?

ஆனால் வரிசைப்படுத்துவது என்றால் கலைந்து கிடப்பதை ஒழுங்காக அடுக்குவது. சீக்வென்சிங்கில் நாம் எதையும் அடுக்குவதில்லை. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளும் டி.என்.ஏ. இழையில் ஏற்கெனவே ஒரு வரிசையில்தான் நிற்கின்றன. அது என்ன வரிசை என்று பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இலக்கணத்துக்காக மட்டும் இதைக் கிளறவில்லை. ஆய்வுக்கான ஒப்புதல் படிவங்களைத் தமிழில் செப்பனிட்டுத் தருவது என் வேலை. புதுப் படிவம் வந்தால் நோயாளிகள் சிலரிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்போம். நுரையீரல் புற்றுநோய் ஆய்வு ஒன்றுக்காக வந்த படிவத்தில் ‘உங்கள் கட்டியின் டி.என்.ஏ. வரிசைப்படுத்தப்படும்’ என்று இருந்தது. வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ இத்த பண்ணா சரியாப்பூடுமா சார்?” என்றார். அவர் கேட்டதில் என்ன தவறு? ஏதோ கலைந்திருக்கிறது, அதை ஒழுங்குபடுத்தப் போகிறார்கள் என்றுதானே படிவம் சொல்கிறது. பரிசோதனையைச் சிகிச்சையாகக் காட்டும் சொல்லை வைத்துக்கொண்டு ஒருவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது.

உண்மையில் அந்தப் பரிசோதனை தருவது ஒரு தகவல். இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் 2573ஆம் எழுத்து டி ஆக இருக்க வேண்டும். சிலருடைய கட்டியில் அங்கே ஜி இருக்கும். அந்த ஓர் எழுத்தால் புரதத்தின் 858ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் என்ற வேறொன்று வந்து உட்காருகிறது. செல் ஓயாமல் பெருகுகிறது. ரிப்போர்ட்டில் இது ஒரே வரிதான். அந்த வரி இருந்தால் ஜெஃபிடினிப், ஆசிமெர்டினிப் போன்ற மாத்திரைகளுக்கு வழி உண்டு. இல்லாவிட்டால், வேறு இலக்கும் அகப்படாவிட்டால், பேச்சு கீமோ பக்கம் போகும். இதில் எங்கே ஐயா வரிசைப்படுத்தினோம்?

அந்த அம்மா நினைத்த மாதிரி எழுத்திலேயே கைவைக்கும் சிகிச்சையும் இப்போது இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடிகளிடம் அடையாளம் கண்ட அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய்க்கு, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் வழியில் செய்த மருந்து ஒன்றை 2023 நவம்பரில் பிரிட்டன் ஏற்றது. அதை ‘மரபணுத் திருத்தம்’ என்கிறோம். நல்ல சொல், அதில் எனக்கு வழக்கில்லை.

> துண்டு துண்டாகப் படித்ததைக் கணினி அடுக்கித்தானே தருகிறது? அப்படிப் பார்த்தால் ‘வரிசைப்படுத்தல்’ பொருந்துமே.

இது கொஞ்சம் கனமான கேள்வி. இன்று பெரும்பாலான கூடங்களில் உள்ள கருவி இழையை நூற்றைம்பது எழுத்து அளவுள்ள துண்டுகளாகத்தான் படிக்கிறது. ஒவ்வோர் எழுத்து ஒட்டும்போதும் ஒளிரும் நிறத்தைக் கேமரா படமெடுக்கும். பிறகு கணினி துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தும். சரி, அடுக்குகிறது. ஆனால் அது அடுத்த கட்டம். அசெம்பிளி என்று அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது. ‘கோத்தல்’ என்று வைக்கலாம். 1977இல் வந்த சாங்கர் முறையில் எழுநூறு எண்ணூறு எழுத்தை இன்று ஒரே மூச்சில் படித்துவிடுகிறார்கள். அங்கே கோக்க எதுவுமில்லை, ஆனாலும் அது சீக்வென்சிங்தான்.

டி.என்.ஏ.வில் தகவல் சேமிக்கும் ஆராய்ச்சிக்கு வந்தால் பழைய சொல் கையைவிட்டே போய்விடுகிறது. கணினியின் 0, 1 இலக்கங்களை இரண்டிரண்டாக எடுத்து, 00 என்றால் ஏ, 01 என்றால் சி, 10 என்றால் ஜி, 11 என்றால் டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ‘அ’வுக்கு, கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட்டுகள், ஒரு பைட்டுக்கு எட்டு இலக்கம். எழுதிப் பார்த்தால் டி-ஜி-ஏ-ஏ, ஜி-ஜி-டி-ஜி, ஜி-ஏ-சி-சி என்று பன்னிரண்டு எழுத்து வருகிறது. (நிஜ ஆய்வுகளில் பிழைதிருத்தத்துக்காக இன்னும் சுற்றி வளைப்பார்கள்.) 2012இல் ஹார்வர்டில் ஜார்ஜ் சர்ச் குழு ஐம்பதாயிரம் சொற்களுக்கு மேற்பட்ட ஒரு நூலை டி.என்.ஏ.வில் எழுதி, திரும்பப் படித்தும் காட்டியது. எழுதும்போதுதான் எழுத்துகளை மெய்யாகவே வரிசைப்படுத்துகிறார்கள். அப்புறம் அதைப் படிப்பதையும் வரிசைப்படுத்துவது என்று சொன்னால், ‘வரிசைப்படுத்தியதை வரிசைப்படுத்தினார்கள்’ என்றல்லவா எழுத வேண்டும்? போதாக்குறைக்குக் கணினிக்காரர்கள் சார்ட்டிங்குக்கும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

என் பரிந்துரை: வரிசையறிதல். ‘நோயறிதல்’ நமக்குப் பழகிய சொல், அதே வார்ப்பு. முழு மரபுத்தொகை (ஜீனோம்) வரிசையறிதல், வரிசையறி கருவி, வரிசையறி கூடம் என்று கிளைக்கவும் செய்கிறது. ‘நிரலறிதல்’ என்று ஒரு நண்பர் தந்தது காதுக்கு இன்னும் இனிமைதான். ஆனால் நிரல் என்றதும் எல்லோருக்கும் கணினி நிரல் நினைவுக்கு வரும். உயிரியல் தரவைக் கணினியில் ஆராயும் உயிர்தகவலியலில் இரண்டும் ஒரே பத்தியில் வரும். வேண்டாம்.

அன்புடன்,
சைதாப்பேட்டையிலிருந்து

————

தம்பிக்கு,

பெயர்ச்சொல்லாக நன்றாகவே நிற்கிறது. வினையாக்கினால் இடிக்கிறதே? ‘வைரஸை வரிசையறிந்தனர்’ என்று எந்த உதவி ஆசிரியர் எழுதுவார்?

இன்னொன்று. எல்லா டி.என்.ஏ. சோதனைக்கும் இதைப் பூசிவிடாதீர்கள். சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு நிறுவனத்தில் சீக்வென்சிங் பற்றிப் பேசுவது சரி. ஆனால் காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் எடுக்கும் சிபிநாட் சோதனை, டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு நகலெடுத்துத் தேடும் பி.சி.ஆர். வகை. தெரிந்த ஒரு துண்டு சளியில் இருக்கிறதா என்று தேடுகிறது, சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது, எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. 1984இல் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்த டி.என்.ஏ. ரேகையும் அப்படித்தான். திரும்பத் திரும்ப வரும் துண்டுகளின் நீளத்தை ஒப்பிடுவது அது. தந்தை யார் என்ற வழக்குச் செய்தியில் நாளைக்கு ‘வரிசையறிந்து தீர்ப்பு’ என்று போட்டால் பழி நம் குழு மேல் விழும்.

- ஓய்வுபெற்ற தாவரவியல்காரன், மயிலாப்பூர்

————

ஐயா,

‘நோயறிந்தனர்’ என்றும் யாரும் எழுதுவதில்லையே. ‘நோயைக் கண்டறிந்தனர்’ என்கிறோம். அதேபோல ‘வைரஸின் வரிசையைக் கண்டறிந்தனர்’ என்று பிரித்து எழுதினால் இடிக்காது. படிவத்தில் ‘உங்கள் கட்டியின் டி.என்.ஏ. எழுத்துவரிசையைக் கண்டறிவோம், இது சிகிச்சை அல்ல, பரிசோதனை’ என்று மாற்றி அனுப்பியிருக்கிறேன். தலைப்பில் மட்டும் ‘வரிசையறிதல்’.

சிபிநாட், ரேகை இரண்டையும் விலக்கச் சொன்னது மெத்தச் சரி. சொற்பட்டியலில் வரையறையோடு சேர்த்துவிடுகிறேன். ‘கோத்தல்’ பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.