ஹோவ் தனி ஊரா, பிரைட்டனின் வாலா?

கடற்காகம்:
இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஒட்டி ஒட்டி இருக்கும் ஊர்கள் பிரைட்டனும் ஹோவும். "பிரைட்டனில்தானே இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "இல்லைங்க, ஹோவ்" என்று உடனே திருத்துவார்கள் ஹோவ்காரர்கள். இந்த மிடுக்கு எதற்கு? 1750களில் டாக்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலின் கடல்நீர் வைத்தியம் பிரபலமானது பிரைட்டனில். 1783-ல் வந்து, பிறகு மாளிகையே கட்டிக்கொண்ட இளவரசர் ஜார்ஜ் தங்கியதும் அங்கேதான். 1841-ல் லண்டன் ரயிலும் வந்துவிட்டது. அந்தக் கூட்டம் வழிந்து நிரம்பிய இடம்தான் ஹோவ்.

பிரன்ஸ்விக்வாசி:
வழிந்தது உண்மை. 1820களில் பிரன்ஸ்விக் டவுன் என்ற குடியிருப்பைக் கட்டியவர்களின் கண் பிரைட்டனின் பணக்காரர்கள் மேல்தான் இருந்தது. ஆனால் நிலம் ஹோவுடையது. 1830-லேயே நாடாளுமன்றச் சட்டம் மூலம் அந்தப் பகுதிக்குத் தனி நிர்வாகக் குழு வந்தது. பக்கத்து ஊரின் வாலுக்கு எதற்குத் தனி நிர்வாகம்?

கடற்காகம்:
நிர்வாகம் இருந்தால் ஊராகிவிடுமா? இளவரசர் ஜார்ஜ் கட்டி, பின்னாளில் விக்டோரியா ராணி கைவிட்ட மாளிகையை 1850-ல் பிரைட்டன் நகரமே விலை கொடுத்து வாங்கியது. அது ஊர்ப்பற்று. ஹோவின் பழைய டவுன்ஹால் 1966-ல் எரிந்தது; அந்த இடத்தில் எழுப்பியது கான்கிரீட் பெட்டி!

பிரன்ஸ்விக்வாசி:
அந்தப் பெட்டிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் கடலுக்குள் நீண்டிருந்த உங்கள் பொழுதுபோக்குப் பாலம் வெஸ்ட் பியர் 1975-ல் மூடப்பட்டு, 2003-ல் எரியும்வரை துருப்பிடித்ததே, அப்போது எங்கே போயிற்று ஊர்ப்பற்று?

கடற்காகம்:
மூடியபோது அது கம்பெனிச் சொத்து சார். நகராட்சி தலையில் கட்டாதீர்கள்.

பழையபிலிம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சினிமா வரலாற்றில் 'பிரைட்டன் பள்ளி' என்று ஒரு ஆரம்பகாலப் படைப்பாளிகள் குழு உண்டு. அதில் முக்கியமானவர்கள் ஜி. ஏ. ஸ்மித், ஜேம்ஸ் வில்லியம்சன். குளோசப்பையும் காட்சிகளை ஒட்டிக் கதை சொல்வதையும் ஆரம்பத்திலேயே முயன்றவர்கள். இருவரும் வேலை செய்தது ஹோவில்! உழைப்பு ஒருவருக்கு, பெயர் இன்னொருவருக்கு. ஹோவ்காரர்களுக்கு எரிச்சல் வராதா?

கடற்காகம்:
சரி, எரிச்சல் இருக்கட்டும். 1997-ல் இரண்டையும் இணைத்தாயிற்று, 2000-ல் சேர்த்தே நகர அந்தஸ்தும் கிடைத்தது. இன்னும் எதற்கு எல்லைச் சண்டை?

பிரன்ஸ்விக்வாசி:
இணைத்ததால் குணம் மாறிவிடுமா? வார இறுதிக் கும்பல் இறங்குவது பிரைட்டனில். ஹோவின் கடற்கரையில் பச்சைப் புல்வெளி, நாய் நடை, சாயம் பூசிய சின்னக் குடில்கள். அப்புறம், சசெக்ஸ் கிரிக்கெட் மைதானம் 1872 முதல் ஹோவில்தான். ரஞ்சித்சிங்ஜி ஆடிய மண் அது.

கடற்காகம்:
கிரிக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள். கால்பந்து எங்களுடையது.

பிரன்ஸ்விக்வாசி:
அப்படியா? 1901-ல் தொடங்கிய கிளப்பின் பெயரே 'பிரைட்டன் அண்ட் ஹோவ் ஆல்பியன்'. 1997 வரை அவர்கள் ஆடிய கோல்ட்ஸ்டோன் மைதானம் எந்த ஊரில் இருந்தது என்று கொஞ்சம் பார்த்துவிட்டு வாருங்கள்.

பழையபிலிம்:
ஹோவில்! 😄