பிக்கு ஏன் நன்றி சொல்வதில்லை?

பாங்காக்வாசி:
வேலை மாற்றலாகி இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. விடியற்காலையில் பிக்குகள் (பௌத்தத் துறவிகள்) வெறுங்காலோடு எங்கள் சந்தில் வருகிறார்கள். கீழ்வீட்டு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, பாத்திரத்தில் சூடான சோறும் பையில் கட்டிய குழம்பும் போடுகிறார். வாங்கியவர் நன்றிகூடச் சொல்வதில்லை, கொடுத்தவர்தான் கும்பிடுகிறார்! இது பிச்சைதானே?

சியாங்மாய் செல்வி:
பிச்சைன்னு சொல்லாதீங்க. அவர்கள் வாய்விட்டுக் கேட்கவே மாட்டார்கள். சோற்றை மறுநாளுக்கு எடுத்து வைப்பது விநயம் என்ற துறவிகளுக்கான ஒழுக்க விதிப்படி கூடாது; நண்பகலுக்குப் பிறகு சாப்பாடும் கிடையாது. ஆக, தினமும் ஊரை நம்பித்தான் வாழ்க்கை. கொடுப்பவருக்குப் புண்ணியம், இறந்துபோன அப்பா அம்மா பேரில் போடுகிறவர்கள் நிறைய. பிக்கு பழைய பாலி மொழியில் ஆசி ஓதுவார். நீங்களும் போடலாம், பௌத்தராக இருக்கணும்னு இல்லை. பெண்கள் பிக்குவைத் தொட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். சந்தையில் விற்கும் தயார்ப் பொட்டலத்தைவிட வீட்டுச் சோறு மேல் என்பது என் கட்சி.

யாங்கோன் ராஜு:
வாங்க மறுப்பதுதான் பெரிய அடி. 2007இல் பர்மாவில் ராணுவ ஆட்சியாளர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் தானம் வாங்க மாட்டோம் என்று பிக்குகள் அறிவித்தார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி ஊர்வலம் போனார்கள். 1990இல் மண்டலேயிலும் இதே போராட்டம். புண்ணியம் சேர்க்கும் வழியையே அடைத்துவிட்டால், துப்பாக்கி வைத்திருப்பவனுக்கும் உறுத்தும்.

பாங்காக்வாசி:
சரி, மீன் குழம்பு போடலாமா?

சியாங்மாய் செல்வி:
தாராளமா. தனக்கென்றே கொன்றது என்று பார்த்தோ, கேள்விப்பட்டோ, சந்தேகம் வந்தாலோதான் தேரவாத பிக்கு (இங்கேயும் பர்மாவிலும் உள்ள பௌத்தப் பிரிவு அது) ஏற்கக் கூடாது. முள் எடுத்துட்டுப் போடுங்க.