பொருந்துகட்டம்: தொலைவுமானிக் கேமராவின் நடுக்கட்டத்துக்கு ஒரு பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

தொலைவுமானிக் கேமராவில் (ரேஞ்ச்ஃபைண்டர்) கண் வைத்தால் காட்சியின் நடுவே சின்னதாக, கொஞ்சம் வெளிச்சமாகத் தெரிகிற கட்டத்துக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையில் மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன: குவியத்திட்டு, குவியங்காட்டி, இணைகட்டம். நான் இத்தனை நாள் பதில் எழுதவில்லை. அந்த வகைக் கேமராவைக் கையில் எடுத்தே வெகுநாளாகிவிட்டது. தொடாமல் பெயர் வைக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை புதிய லென்ஸ்களைத் தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு நாள் ஏற்பாடு செய்திருந்தார்கள். படம் பதியும் மெமரி அட்டையை மட்டும் கொண்டுபோய், மூன்று லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, ஏறக்குறைய நாலு மணி நேரம் படமெடுத்தேன். இப்போது உறுதியாகச் சொல்கிறேன்: இந்தப் பெயருக்குள் ‘குவியம்’ (ஃபோகஸ்) வரக்கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கேமராவின் முகப்பில் இரண்டு சன்னல்கள் இருக்கும். பெரிய சன்னல் வழியாகக் காட்சியைப் பார்க்கிறோம். சிறிய சன்னல் வழியாக வருகிற காட்சி உள்ளே கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, பெரிய காட்சியின் நடுவில் ஒரு கட்டமாக விழுகிறது. எதிரே மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். கட்டத்துக்குள் அவருடைய கண்ணாடிச் சட்டம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஓர் உருவம் பக்கவாட்டில் நகர்ந்து வந்து மற்றதன் மேல் ஏறும். இரண்டும் ஒன்றானதும் படமெடுக்கலாம்.

இதில் எங்கேயும் நாம் லென்ஸ் வழியாகப் பார்க்கவில்லை. லென்ஸின் பின்பக்க வளையம் கேமராவுக்குள் இருக்கும் சின்ன உருளை ஒன்றைத் தள்ளுகிறது. உருளை நகர்ந்த அளவுக்குச் சிறிய சன்னலின் காட்சி திரும்புகிறது. அவ்வளவுதான் தொடர்பு. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். கட்டம் அழகாகப் பொருந்தும். படத்தில் வெறும் கறுப்புதான் இருக்கும். குவியம் என்ன ஆனது என்பது அந்தக் கட்டத்துக்குத் தெரியவே தெரியாது. தெரியாத ஒன்றைக் காட்டுவதாக அதற்குப் பெயர் வைக்கலாமா?

இது வாதத்துக்காகச் சொல்வதில்லை. அன்றைக்கே கண்ணால் பார்த்தேன். எஃப் 1.5 துளை (லென்ஸில் ஒளி நுழையும் வாய்; எஃப் எண் கூடினால் அது சுருங்கும்) கொண்ட 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, தயாரித்தவர் பெயர் இங்கே தேவையில்லை. மேசைமேல் ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, 20 செ.மீ. கோட்டில் உருவங்களைப் பொருத்தினேன். எஃப் 1.5இல் எடுத்த படத்தில் 20ஆம் கோடு கூர்மையாக இருந்தது. வளையத்தைத் தொடவே இல்லை. துளையை மட்டும் எஃப் 2.8க்குச் சுருக்கி இன்னொன்று எடுத்தேன். கூர்மை 21ஐத் தாண்டிப் பின்னால் போயிருந்தது. நடுக்கட்டத்திலோ 20ஆம் கோடு துளி அசையாமல் பொருந்தியபடியே இருக்கிறது.

காரணம் கோளப்பிறழ்ச்சி. லென்ஸின் ஓரத்தில் நுழையும் கதிர்களும் நடுவில் நுழையும் கதிர்களும் ஒரே இடத்தில் குவிவதில்லை. துளையைச் சுருக்கும்போது ஓரக் கதிர்கள் அடைபட்டுப் போவதால் கூர்மையான இடம் மாறிவிடுகிறது. துளையைச் சுருக்கிவைத்தே லென்ஸ் வழியாகப் பார்க்கிற மிரர்லெஸ் கேமராவில் இந்த மாற்றம் அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இங்கே தெரியாது. இதற்குக் ‘குவிய நகர்வு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நகர்வு என்றால் நாம் வளையத்தைத் திருப்பி வேண்டுமென்றே செய்வதும் அதில் அடங்கிவிடும். தானாக இடம் மாறுவதற்குக் ‘குவியப் பெயர்ச்சி’ என்று இருக்கட்டும். இடப்பெயர்ச்சி பள்ளியிலேயே படித்த சொல், யாருக்கும் விளக்க வேண்டாம்.

இன்னொரு சான்றும் கிடைத்தது. இந்த வகை லென்ஸ்கள் பலவற்றில் 0.7 மீட்டருக்குக் கிட்டே போக முடியாது. பழையவை சில 1 மீட்டரிலேயே நின்றுவிடும். புதியவற்றில் சில அதையும் தாண்டிக் கிட்டே வருகின்றன. அன்று போட்டுப் பார்த்த 35 மி.மீ. லென்ஸ் அப்படிப்பட்டது. வளையத்தைத் திருப்பிக்கொண்டே வந்தால் 0.7இல் விரலுக்கு ஒரு சின்னத் தடை தட்டுப்படும். அழுத்தித் தாண்டினால் வளையம் மேலும் சுற்றும், ஆனால் கட்டத்துக்குள் உருவம் அசையாது. அதற்குமேல் பின்திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்தத் தடை இருக்கும் இடத்துக்குப் ‘பிணைப்பு எல்லை’ என்று பெயர் வைக்கலாம் என்பது என் எண்ணம். லென்ஸுக்கும் தொலைவுமானிக்கும் உள்ள பிணைப்பு அங்கே அறுகிறது.

சரி, ‘இணைகட்டம்’? அழகான சொல்தான், ஓசையும் நன்றாக இருக்கிறது. ஆனால் இணைகோடு என்று படித்தவர்களுக்கு இணை என்றால் எந்நாளும் சேராமல் பக்கத்தில் போவது. இங்கே நடப்பது நேர் எதிர். ‘திட்டு’ பற்றி ஒரு வார்த்தை: ஆங்கிலத்தில் துணியில் போடும் ஒட்டின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள், அதைத்தான் நாம் திட்டு என்று மாற்றிக்கொண்டோம். எந்த உருவத்தைப் பார்த்து அவர்கள் பெயர் வைத்தார்களோ அதையே நாமும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

அன்று எனக்கு அடுத்து நின்ற ஓர் அம்மா முதன்முறையாக இந்தக் கேமராவில் கண் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் அவருக்கு எந்தக் கலைச்சொல்லும் சொல்லவில்லை. “நடுவுல ரெண்டா தெரியுதா? ரெண்டும் பொருந்துற வரைக்கும் திருப்புங்க” என்றார். அம்மா இரண்டே நொடியில் “பொருந்திடுச்சு” என்றார். எனக்கு வேண்டிய சொல் அதிலேயே இருந்தது.

பொருந்துகட்டம். ஊறுகாய், குடிநீர் போல வினைத்தொகை. காலம் மறைந்து நிற்பதால் பொருந்திய கட்டம், பொருந்துகின்ற கட்டம், பொருந்தும் கட்டம் மூன்றும் அதற்குள் அடங்கும். வளையத்தைத் திருப்பும்போது நடப்பதும் அதே மூன்றுதான். வினையாகவும் பயன்படும்: ‘கண்ணில் பொருத்தி எடுத்தேன்’, ‘பொருந்தாமல் போய்விட்டது’. ‘கட்டம்’ என்றால் ‘இரண்டாம் கட்டம்’ என்பது போல நிலை என்றும் பொருள் வருமே என்று கேட்கலாம். சதுரங்கக் கட்டம் என்றால் யாரும் குழம்புவதில்லை; கண்ணுக்கு எதிரே செவ்வகமாகத் தெரிகிற ஒன்றிலும் குழப்பம் வராது.

அப்புறம், ‘தொலைவுமானி’யையே மாற்ற வேண்டும் என்று எழுந்த கேள்வி. மானி என்றால் எண் காட்ட வேண்டும், இது காட்டவில்லை என்பது மறுப்பு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1920களில் தொலைவுமானி தனிக் கருவி. அதைக் கேமராவின் மேல் செருகி, உருவங்களைப் பொருத்தி, அது காட்டும் எண்ணைப் படித்து லென்ஸில் வைத்தார்கள். 1932இல் லைக்கா II, காண்டாக்ஸ் என்ற இரண்டு கேமராக்களும் அதை லென்ஸோடு பிணைத்தே வந்தன. 1936இல் காண்டாக்ஸ் II காட்சிச் சன்னலையும் தொலைவுமானியையும் ஒரே கண்துளைக்குள் கொண்டுவந்தது. எண் மறைந்துவிடவில்லை, லென்ஸ் வளையத்துக்குப் போய்விட்டது. பொருத்தி முடித்துக் கேமராவைத் திருப்பிப் பாருங்கள், வளையத்தில் மீட்டர் கணக்கு இருக்கும். இரண்டு சன்னல்களுக்கு இடைப்பட்ட தூரத்தை வைத்து முக்கோணக் கணக்குப் போடுகிற கருவி இது, ஆகவே மானிதான். அந்த இடைத்தூரத்துக்கு ‘அடிநீளம்’ என்பேன். 1954இல் வந்த லைக்கா எம்3இல் அது 68.5 மி.மீ.; காட்சி 0.91 மடங்காகத் தெரிவதால் பயன்படும் அடிநீளம் ஏறக்குறைய 62 மி.மீ. பின்னால் வந்த 0.72 மடங்குக் கேமராக்களில் அது 50 அளவில்தான். அது குறையக் குறைய, பொருத்தத்தைக் கண் நுட்பமாகப் பிரித்தறிவது கடினம். 75 மி.மீ. லென்ஸை அப்படிப்பட்ட ஒன்றில் போட்டுப் பார்த்தபோது, பொருந்திவிட்டதா இல்லையா என்று கண் தடுமாறியதற்கு இதுதான் காரணம். தொலைவுமானிக்குப் பதிலாகச் சொல்லப்பட்ட ‘வீச்சளவி’ வேண்டவே வேண்டாம், அது ஏவுகணைக்குப் போகட்டும்.

இந்தக் கேமராவை ‘இருவிழிக் கேமரா’ என்று அழைக்கலாம் என்ற யோசனையும் சரிப்படாது. இரண்டு லென்ஸ் உள்ள கேமரா வேறு வகை.

இந்த வாரக் கடைசியில் சொற்பட்டியலில் பொருந்துகட்டம், குவியப் பெயர்ச்சி, பிணைப்பு எல்லை, அடிநீளம் நான்கையும் சேர்த்துவிடலாம் என்றிருக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். ஒன்றுக்கு மட்டும் எனக்கே முடிவு வரவில்லை. லென்ஸின் அடியில் விரல் பதிய ஒரு சின்னப் பிறை போல நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது. பழகிவிட்டால் பார்க்காமலே விரல் நிற்கும் இடத்தை வைத்துத் தொலைவைச் சொல்லிவிடலாம். ‘விரற்பிடி’ என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் நாம் அதைப் பிடிப்பதில்லை, விரல் அதில் படிந்துதான் இருக்கிறது. ‘விரற்பிறை’ சரியாக வருமா?