வீட்டுக் காவலுக்கு எந்தத் துப்பாக்கி?

கேள்வி: ஹூஸ்டன் புறநகரில் இருக்கிறோம். பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் திருட்டு. 12 கேஜ் ஷாட்கன் (தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கி) வாங்கலாமா, 9 எம்எம் பிஸ்டலா (கைத்துப்பாக்கி)? வீட்டில் ஐந்து வயதுப் பையன். எட்டாத அலமாரி என்று அவனுக்கு எதுவும் கிடையாது.

பதில் 1: முதலில் விசா என்னங்க? எச்1பி வேலை விசா என்றால் பொதுவாக வாங்க முடியாது. வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு.

கேட்டவர்: கிரீன் கார்டு வந்தாச்சு.

பதில் 2: சரி, அப்போ வாங்கலாம். நான் 12 கேஜ்தான் வாங்கினேன். மனைவி சுடும் பயிற்சி ரேஞ்சில் நாலு தடவை சுட்டதில், துப்பாக்கி உதைத்துத் தோள் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. அப்புறம் தொடவே இல்லை. உதை குறைவான 20 கேஜுக்கு மாறினோம். இங்கே உள்சுவர் வெறும் ஜிப்சம் அட்டை, சுட்டால் குண்டு அதைத் துளைத்துக்கொண்டு பையன் அறைவரை போகும். எதை வாங்கினாலும் தரையில் போல்ட் அடித்த பெட்டகத்தில் வையுங்கள். பூட்டு எண்ணாகப் பையன் பிறந்தநாளை வைக்காதீர்கள், என் மகன் இரண்டே நிமிடத்தில் திறந்தான். நல்லவேளை, உள்ளே பாஸ்போர்ட்தான் இருந்தது.