குளத்துத் தண்ணி நடுவுல வெட்டுன மாதிரி நிக்குது, லுவான்டி மேப்ஜென் தெரிஞ்சவங்க உதவுங்க

கேட்டது (நாகர்கோவில்)

வணக்கம். தெருப் பிள்ளைங்க 14 பேருக்காக வீட்டுல ஒரு லுவான்டி சர்வர் ஓட்டுறேன், பிளாக் பிளாக்கா உலகம் கட்டுற வெளயாட்டு, முன்ன மைன்டெஸ்ட்னு சொல்லுவோமே, 2024ல பேரு மாத்தினது, அதுதான். முழுப்பரீட்ச லீவுக்குள்ள புது உலகம் ஒண்ணு ரெடி பண்ணணும். அச்சு அசல் மேப் வேண்டாம், ஆனா நடந்தா நாஞ்சில் நாட்டுல நடக்குத மாதிரி இருக்கணும், வடக்க மலை, எறங்குனா குளம், குளத்துக்குக் கீழ வயல், தென்னந்தோப்பு, அப்புறம் கடல், இவ்வளவும் கால் மணி நேர நடைக்குள்ள வரணும்.

உலகத்த உண்டாக்குற மேப்ஜென்ன, வெறும் உலகம் தர்ற சிங்கிள்நோடுல வச்சு நிலத்த லுவா மொழில நானே போடுறேன். மேடு பள்ளத்துக்கு 2டி பெர்லின் நாய்ஸ் (உயரத்த வழவழன்னு ஏத்தி எறக்குற கணக்கு), 5 ஆக்டேவ், ஸ்ப்ரெட் 250. நிலம் நல்லா வருது. குளம்தான் கொல்லுது. ஒரு சங்க்குக்குள்ள (உலகம் ஒரு தடவைல உண்டாகுத துண்டு) உள்ள உயரத்த எல்லாம் கூட்டி ஆவரேஜ் எடுத்து, அதுக்குக் கீழ உள்ள எடத்துல தண்ணி நெறைக்கிறேன். நேத்து ராத்திரி நிக்குற எடத்த நம்பரா காட்டுற எஃப்5 அமுக்கிட்டு குளத்துக்குள்ள நின்னு பாத்தேன், எக்ஸ் 47ல தண்ணி மட்டம் 14, ஒரு பிளாக் தள்ளி 48ல 17. மூணு பிளாக் உசரத்துக்கு தண்ணி கண்ணாடி மாதிரி செங்குத்தா நிக்குது, பக்கத்துல ஒரு பய மண்ண வெட்டுனதும் அப்படியே சரிஞ்சு கொட்டுது. 127, 128லயும் இதே கதி. ஆக்டேவ கொறச்சாச்சு, பெர்சிஸ்டன்ஸ் மாத்தியாச்சு, சீடு, அதான் உலகத்துக்க ஆரம்ப எண்ணு, நாலு தடவ மாத்தியாச்சு. படமும் போட்டிருக்கேன்.

பதில் (மார்த்தாண்டம்)

நாய்ஸ விட்டுட்டு நெஜ உயரத்தயே எடுங்களேன். 2000ல விண்வெளி ஓடத்துல ரேடார் வச்சு எடுத்த எஸ்ஆர்டிஎம் நில உயரத் தரவு சும்மாவே கெடைக்கும், ஹைட்மேப்பா (உயரப் படமா) மாத்திப் போட்டா ஆரல்வாய்மொழி கணவாயெல்லாம் தன்னால வரும்.

பதில் (குளச்சல்)

எஸ்ஆர்டிஎம்ல சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான், அண்ணா. மலை வரும், குளத்தங்கரை வராது. இவருக்கு வேண்டியது கரைதானே.

47, 127ங்கிற நம்பரே காரணத்த சொல்லுது. லுவான்டி உலகத்த 80க்கு 80க்கு 80 சங்க்காதான் உண்டாக்கும், 16 பிளாக் அளவுள்ள மேப்பிளாக் பக்கத்துக்கு அஞ்சு. நடுவுல உள்ள சங்க் மைனஸ் 32ல தொடங்கி 47ல முடியும். உங்க நாய்ஸ்ல குத்தமே இல்ல. கென் பெர்லின் 1983ல உண்டாக்குன அந்த முறைல எந்தப் புள்ளியும் பக்கத்துப் புள்ளிய கேக்காம தனக்க உயரத்த தானே சொல்லிரும், அதனாலதான் எந்த சங்க்க எப்ப போட்டாலும் நிலம் ஓரத்துல ஒட்டிக்கிடுது. நீங்க எடுத்த ஆவரேஜ் அப்படி இல்லையே, இந்த சங்க்குக்கு 14, அடுத்ததுக்கு 17. ஒரே குளம் ரெண்டு சங்க்குல கெடந்தா ரெண்டு மட்டம் வரத்தான் செய்யும்.

கேட்டவர்

இப்ப வெளங்குது. அப்ப குளத்துக்கு மட்டத்த எங்க இருந்து எடுக்க?

பதில் (தேரூர் பக்கம்)

மக்ளே, நான் இந்த வெளயாட்டு வெளயாடுனது இல்ல, மவன் காட்டுனான், குளம்னு கண்டதும் எழுதுறேன். குளத்துக்கு மட்டம்னா அது மறுகால் மட்டம்தான். எத்தன மழ பெய்தாலும் தண்ணி அதுக்கு மேல நிக்காது, மறுகால் பாஞ்சு கீழ உள்ள குளத்துக்குப் போயிரும், அது நெறஞ்சா அதுக்கும் கீழ. அப்புறம் உன் படத்துல சுத்தி வட்டமா கரை போட்டிருக்கு, அப்படி இருக்காது. நம்ம பக்கம் சரிவு தெக்க பாத்து இல்லியா, அப்ப கரை தெக்க பிறை மாதிரி வளைஞ்சு கெடக்கும், வடக்க தொறந்து கெடக்கும், தண்ணி வரது அங்கன இருந்துல்லா. வயலுக்குப் போற தண்ணி மட வழியா, மறுகால் வழியா இல்ல. மட கரைக்க அடியில இருக்கணும்.

பதில் (குளச்சல்)

ஐயா சொன்னத அப்படியே லுவா கோடுல போட்டுரலாம். உலகத்த 400 பிளாக் கட்டமா பிரிங்க, கட்டத்துக்கு ஒரு குளம், ஆரம் 150க்குள்ள. நடுப்புள்ளிய கட்டத்துக்க நம்பரும் உலக சீடும் சேத்து பிசிஜிரேண்டம்ல எடுங்க, அதே நம்பர் குடுத்தா எப்பவும் அதே பதில் வரும், சும்மா மேத்.ரேண்டம் போட்டா யாரு முதல்ல எந்தப் பக்கம் நடக்காங்களோ அதுக்கு ஏத்த மாதிரி குளம் மாறும். மறுகால் மட்டம் வடக்க இருந்து தெக்க வரிசைக்கு 5 பிளாக் கொறஞ்சிட்டே வரட்டும், கரை அத விட 2 பிளாக் உசரம். நாய்ஸ் உயரத்த குளத்துக்குள்ள பைய மறுகால் மட்டத்துக்குக் கீழயும், கரையில கரை உசரத்துக்கும் இழுத்துருங்க. ஒவ்வொரு சங்க்கும் தன் கட்டத்தயும் சுத்தி உள்ள 8 கட்டத்தயும் கேட்டா போதும், ரெண்டு சங்க்குக்கும் ஒரே பதில்தான் வரும். தண்ணிக்கு ரிவர் வாட்டர் போடுங்க, அது ரெண்டு பிளாக்குக்கு மேல பரவாது, சாதா தண்ணி போட்டா பிள்ளைங்க கரைய ஒருக்க ஒடச்சாலே வயலெல்லாம் வெள்ளம்.

கேட்டவர்

ரெண்டு நாளா இருந்து எழுதுனேன். 47லயும் 14, 48லயும் 14. கரை மேல நின்னு தெக்க பாத்தா அடுத்த குளம் 5 பிளாக் கீழ மின்னுது, அதுக்கும் அங்கிட்டு இன்னொண்ணு. ஐயா, நீங்க சொன்னபடியே வடக்க தொறந்து விட்டிருக்கேன், அதுக்கப்புறம்தான் அது குளமாவே தெரிஞ்சுது.

ஆனா ஏற்கனவே நடந்த எடமெல்லாம் பழசாவே நிக்குது, புது எடத்துக்குப் போனா ரெண்டு செகண்ட் சர்வரும் நின்னு போவுது.

பதில் (குளச்சல்)

ஒருக்க உண்டான எடம் தன்னால மாறாது. பிள்ளைங்க வீடு கட்டாத எடம்னா டிலீட்பிளாக்ஸ் போட்டு அழிங்க, திரும்ப நடந்தா புதுசா வரும், இல்லன்னா புது உலகமே தொடங்குங்க. நிலம் போடுற உங்க ஆன்_ஜெனரேட்டட் கோடு, சர்வருக்க மத்த வேலையெல்லாம் நடக்குற மெயின் த்ரெட்லயே ஓடுறதாலதான் நிக்குது. 5.9 பதிப்புல இருந்து அத தனியா ஓட்ட ரெஜிஸ்டர்_மேப்ஜென்_ஸ்கிரிப்ட் இருக்கு, உங்க கோட அங்க மாத்துங்க. அதுக்கு முன்ன அவசரம்னா எடத்த முன்கூட்டியே உண்டாக்குற எமர்ஜ்பிளாக்ஸ் கமாண்ட ராத்திரி ஓட விட்டுட்டு தூங்குங்க, காலைல எல்லா சங்க்கும் தயாரா இருக்கும்.

கேட்டவர்

புது உலகமே தொடங்குறேன். பழையாற மட்டும் நாய்ஸ்ல விடல, சுசீந்திரம் தாண்டி மணக்குடி வரைக்கும் நானே புள்ளி வச்சு வரையப் போறேன். ஐயா, மடைய எத்தன எடத்துல வைக்கணும்னு மட்டும் நேரம் இருக்கும்போது சொல்லுங்க.

பதில் (தேரூர் பக்கம்)

சின்னக் குளம்னா ரெண்டு போதும். மேட்டு வயலுக்கு ஒண்ணு, பள்ளத்துக்கு ஒண்ணு. மேட்டு மடைய கொஞ்சம் ஒசத்தி வை மக்ளே.