சிஷூ ரியூ படங்கள்: எதில் ஆரம்பிக்கலாம்?
நண்பர்களே, ஒரு உதவி. 'டோக்கியோ ஸ்டோரி' மூணாவது தடவை பார்த்தேன். கடைசியில விசிறியோட தனியா உட்கார்ந்திருப்பாரே அந்தப் பெரியவர், ஜப்பானிய நடிகர் சிஷூ ரியூ, படம் வந்த 1953-ல அவருக்கு வயசு 49தானாம்! அந்தத் தளர்ச்சியை நிஜம்னே நம்பிட்டேன். 'லேட் ஸ்பிரிங்'ல ஆப்பிள் சீவிட்டே இருந்து அப்படியே தலை கவிழ்றது வேற, கண்ணுக்குள்ளயே நிக்குது.

குமாமோட்டோவுல புத்த கோயில் குரு வீட்டுப் பிள்ளை. 1969-ல தொடங்கின 'டோரா-சான்' பட வரிசையிலயும் கோயில் குருவாவே 1992 வரைக்கும் வந்திருக்கார். (விதியைப் பாருங்க!) 'டோக்கியோ ஸ்டோரி', 'லேட் ஸ்பிரிங்' எடுத்த இயக்குநர் ஓசுவோட படங்களை ஓரளவு முடிச்சாச்சு. டோரா-சான் மட்டும் அவர் காலத்துக்குள்ளயே 45 படம், மலைப்பா இருக்கு. அவருக்குக் கொஞ்சம் பெரிய பங்கு இருக்கிறது எது? சப்டைட்டிலோட எங்க கிடைக்கும்? டிவிடி வெச்சிருந்தாலும் சொல்லுங்க, தபால் செலவு என்னோடது.